பாப்பாவுக்கு பால் அலர்ஜி ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, பேப்பர்ல 4.6ன்னு போட்டுருக்கு, அப்படின்னா என்ன அர்த்தம்?

பகாவ்_பாப்பா_அம்மா:

வணக்கம் அக்கா அண்ணன் எல்லாருக்கும். நாங்க மலேசியால பகாவ் பக்கம் தோட்டத்துல இருக்கோம், வீட்டுக்காரர் செம்பனை மில்லுல வேலை. பாப்பாவுக்கு இப்ப 8 மாசம். ஏழு மாசம் வரைக்கும் தாய்ப்பாலும் கொஞ்சம் கஞ்சியும்தான். கன்னத்துலயும் முழங்கை மடிப்புலயும் மட்டும் செவப்பா சொரசொரன்னு இருக்கும், சூடுன்னு நெனச்சு வெளக்கெண்ணெய் தடவிட்டு விட்டுட்டோம்.

நான் டவுன்ல வேலைக்கு திரும்பணும், அதனால போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை காலைல மொத மொதல்ல பால் மாவு கலக்கி குடுத்தேன். ரெண்டு அவுன்ஸ் கூட இருக்காது. நான் பாட்டில கழுவி கவுத்து வச்சிட்டு வந்து பாக்குறேன், வாயைச் சுத்தி கொசு கடிச்ச மாதிரி தடிப்பு தடிப்பா, கையில தூக்குறதுக்குள்ள கழுத்து வயிறு எல்லாம் பரவிருச்சு, ஒரு கண்ணு இமை வீங்கி மூடிக்கிச்சு, அப்புறம் குடிச்சதெல்லாம் கக்கிட்டா. வீட்டுக்காரர் காடிய எப்படி ஓட்டுனாருன்னே தெரியல. எமர்ஜென்சில உடனே தொடையில ஊசி போட்டாங்க, அன்னிக்கு ராத்திரி அங்கேயே வச்சுப் பாத்தாங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம். அப்புறம் ரத்தம் எடுத்து அனுப்புனாங்க.

இப்ப தோல் கிரீம் வாங்கப் போனப்ப ரிசல்ட் காப்பி குடுத்துட்டாங்க, ஆனா குழந்தை ஸ்பெஷலிஸ்ட்ட பாக்குற தேதி இன்னும் மூணு வாரம் இருக்கு. பேப்பர்ல பசும்பால் 4.6, கிளாஸ் 3ன்னு இருக்கு. கேசின் 0.4, பீட்டா லாக்டோகுளோபுலின் 3.9, டோட்டல் ஐஜிஇ 96. 4.6ங்கிறது ஜாஸ்தியா கம்மியா? ஆறு கிளாஸ்ல மூணாவதுன்னா நடுத்தரமான அலர்ஜின்னு எடுத்துக்கலாமா? மாமியார் ஆட்டுப்பால் குடு, ஒன் வீட்டுக்காரனையே அப்படித்தான் வளத்தேன்ங்கிறாங்க, பக்கத்து தோட்டத்துல ஆடு வச்சிருக்கவர்கிட்ட சொல்லியும் வச்சிட்டாங்க. வேலை எடத்துல ஒரு தோழி நூறு சாப்பாட்டுக்கு ஒரே ரத்தத்துல டெஸ்ட் பண்ற எடம் இருக்கு, அங்க போ, அதுதான் ஃபுல்லா காட்டும்ங்கிறா. எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெண்டு_பசங்க_அம்மா (சிரம்பான்):

தங்கச்சி மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், மத்ததெல்லாம் பொறவு. ஆட்டுப்பால் குடுத்துறாதீங்க. மாமியார் மேல கோவப்படாதீங்க, அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா பசும்பால்ல இருக்க புரோட்டீனும் ஆட்டுப்பால்ல இருக்க புரோட்டீனும் அண்ணன் தம்பி மாதிரி, ஒடம்புக்கு வித்தியாசம் தெரியாது. பசும்பாலுக்கு இப்படி தடிக்கிற பத்து குழந்தைல ஒம்போது குழந்தைக்கு ஆட்டுப்பாலுக்கும் தடிக்கும்னு எங்க டாக்டர் சொன்னாங்க. எருமப்பாலும் அப்படித்தான். ஒரு சொட்டு கூட வீட்டுல வச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்காதீங்க.

என் சின்னவன் கதை ஒங்க பாப்பாவுக்கு அப்படியே நேர் எதிர். அவனுக்கு தடிப்பு வீக்கம் எதுவுமே கெடையாது. ஆறு வாரக் கொழந்தையா இருக்கப்ப பேம்பர்ஸ் மாத்துறேன், சளி மாதிரி வழவழன்னு, அதுக்குள்ள செவப்பு நூல் கணக்கா ரத்தம். நான் தாய்ப்பாலும் குடுத்து டின் பாலும் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு எடத்துல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, பால் 0.1க்கும் கீழ, நெகட்டிவ். நான் சாமிக்கு தேங்கா ஒடச்சிட்டு வந்து அன்னிக்கே பால் கலந்த மைலோ ஒரு பெரிய கப் குடிச்சேன், அவனுக்கும் டின் பால தொடர்ந்து குடுத்தோம். ரத்தம் நிக்கவே இல்ல. ரிசல்ட் குடுத்தவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல, நெகட்டிவ்னாலும் அலர்ஜி இருக்கலாம்னு. அந்த ஒரு வார்த்தை தெரியாம ஒரு மாசம் போச்சு எனக்கு.

பெறகு ஒரு டாக்டரம்மா ஒக்கார வச்சு வெளக்குனாங்க. பால் அலர்ஜி ரெண்டு வகையாம். ஒன்னு ஒங்க பாப்பாவுக்கு வந்தது, குடிச்ச சில நிமிஷத்துலேந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, வீக்கம், வாந்தின்னு வெளிய தெரிஞ்சிரும், அதுக்கு காரணம் ஐஜிஇங்கிற பொருள், அதைத்தான் இந்த ரத்த டெஸ்ட் அளக்குது. இன்னொன்னு கொடல்ல மெதுவா வர்றது, பல மணி நேரமோ ரெண்டு மூணு நாளோ கழிச்சு காட்டும், அதுல ஐஜிஇக்கு வேலையே இல்ல, அதனால எந்த ரத்த டெஸ்ட்லயும் சிக்காது. அதுக்கு டெஸ்டே ரெண்டுலேந்து நாலு வாரம் பால சுத்தமா நிறுத்துறது, கொறையுதான்னு பாக்குறது, அப்புறம் டாக்டர் சொல்ற மாதிரி திரும்ப குடுத்துப் பாக்குறது. நான் டீ, மைலோ, பிஸ்கட், தயிர் எல்லாம் விட்டேன், அவனுக்கு ஸ்பெஷல் பால் மாவு. மூணாவது வாரம் பேம்பர்ஸ் சுத்தமா இருந்துச்சு. திரும்ப ஆரம்பிச்ச மூணாவது நாள் அதே செவப்பு நூல். அப்பதான் நிச்சயமாச்சு. ஒரு வயசுக்கு அப்புறம் டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா பழக்குனோம், இப்ப தயிர் சோறு ரெண்டு தட்டு சாப்புடுறான்.

ஆனா தங்கச்சி, திரும்ப குடுத்துப் பாக்குறதுன்னு நான் சொன்னது என் பையன் வகைக்கு. ஒங்க பாப்பாவுக்கு அதை வீட்டுல பண்ணவே கூடாது, ஆஸ்பத்திரிலதான் பண்ணுவாங்க.

ஒரு வேலை இன்னிக்கே செய்ங்க. கடையில கடன் எழுதுவாங்களே 555 நோட்டு, அது ஒன்னு வாங்கி அந்த ஞாயித்துக்கெழம நடந்தத எழுதுங்க. எத்தனை மணிக்கு, என்ன பால், எத்தனை அவுன்ஸ், எத்தனை நிமிஷம் கழிச்சு மொத தடிப்பு எங்க வந்துச்சு, எப்ப வாந்தி, இருமுனாளா, மூச்சு எப்படி இருந்துச்சு, எப்ப வத்துச்சு. போன்ல போட்டோ எடுத்திருந்தா அழிச்சிறாதீங்க. மூணு வாரத்துல மறந்துரும், இப்ப மறக்காதுன்னு தோணும், மறந்துரும். நம்பர விட அதுதான் டாக்டருக்கு வேணும்.

லேப்_அண்ணன்:

நான் லேப்ல வேலை செய்றவன், டாக்டர் இல்ல, அதனால மருந்து சொல்ல மாட்டேன், மெஷின் என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்றேன். அது தெரிஞ்சா பேப்பர படிக்கிற பயம் கொஞ்சம் கொறையும்.

பாப்பாகிட்ட எடுத்த ரத்தம் ரெண்டு மூணு மில்லி இருக்கும். அத ஒறைய விட்டு சுத்துற மெஷின்ல போட்டா செவப்பெல்லாம் கீழ போயி மேல நல்லெண்ணெய் நெறத்துல சீரம் நிக்கும். டெஸ்ட் அதுலதான். குட்டியா ஒரு கப், நகம் அளவு, அதுக்குள்ள ஸ்பாஞ்ச் மாதிரி ஒன்னு இருக்கும், அதுல பசும்பால் புரோட்டீன ஏற்கனவே புடிச்சு வச்சிருப்பாங்க. அதுமேல பாப்பாவோட சீரம் சொட்டுனா, பாலுக்குன்னே ஒடம்பு செஞ்சு வச்சிருக்க ஐஜிஇ மட்டும் அதுல ஒட்டிக்கும், மத்தத கழுவி விட்ருவோம். அப்புறம் ஐஜிஇய புடிக்கிற இன்னொரு மருந்த ஊத்துனா அது லேசா ஒளிரும், எவ்வளவு ஒளிருதோ அவ்வளவு ஐஜிஇ. அந்த ஒளியத்தான் 4.6ன்னு நம்பரா மாத்துறோம். 1974லேந்து இருந்த பழைய முறைல ஒளிக்கு பதில் கதிரியக்கப் பொருள் பயன்படுத்துனாங்க, அதுக்கு ராஸ்ட்னு பேரு, அதனாலதான் இன்னும் சில டாக்டருங்க ராஸ்ட் டெஸ்ட்னே சொல்லுவாங்க, பயந்துறாதீங்க, ரெண்டும் ஒரே விஷயத்த அளக்குறதுதான்.

இதுல என்ன கவனிக்கணும்னா, அந்த கப்புக்கு பாப்பா தடிச்சதும் தெரியாது, கக்குனதும் தெரியாது. பாலுக்கு எதிரா ஐஜிஇ இருக்கா, எவ்வளவு இருக்கு, அவ்வளவுதான் அதுக்கு தெரியும். ஐஜிஇ இருந்தும் தெனம் பால் குடிச்சிட்டு நல்லா ஓடி ஆடுற புள்ளைங்க நெறைய பேர் இருக்காங்க. அதனால ஒன்னும் நடக்காத புள்ளைக்கு சும்மா டெஸ்ட் எடுத்து 0.5 வந்துச்சுன்னு பால நிறுத்துறது தப்பு. ஆனா ஒங்க பாப்பா கதை வேற தங்கச்சி. குடிச்ச பத்து நிமிஷத்துல தடிப்பு, வீக்கம், வாந்தி, அதோட 4.6ம் சேருதுன்னா ரெண்டும் ஒன்னையொன்னு ஒத்துப் போகுது. ரெண்டு வயசுக்கு கீழ உள்ள கொழந்தைக்கு 5, அதுக்கு மேல 15ன்னு ஒரு அளவு சொல்லுவாங்க, அத தாண்டுனா பால் குடிச்சா ரியாக்‌ஷன் வர வாய்ப்பு 95 சதவீதம்னு கணக்கு. 4.6 அதுக்குப் பக்கத்துல இருக்கு.

இப்ப ஒங்க முக்கியமான கேள்வி, கிளாஸ் 3ன்னா நடுத்தர அலர்ஜியான்னு. இல்ல. இந்த எடத்துலதான் எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. கிளாஸ் 3ங்கிறது 3.5லேந்து 17.5 வரைக்கும் உள்ள ஒரு கட்டம், ரத்தத்துல இருக்க அளவுக்கு போட்ட கட்டம், வர்ற ரியாக்‌ஷன் எவ்வளவு கடுமையா இருக்கும்னு சொல்ற கட்டம் இல்ல. நம்பர் ஏற ஏற ரியாக்‌ஷன் வர்ற வாய்ப்பு ஏறும். வந்தா சின்னதா வருமா பெருசா வருமான்னு நம்பர் சொல்லாது. 0.8 இருக்க புள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கு, 20 இருக்க புள்ளைக்கு வாயச் சுத்தி தடிப்போட நின்னுருக்கு. அதனால மூணுதானேன்னு அலட்சியமா இருந்துறாதீங்க.

கேசின் கம்மியா இருக்கது பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. பால் புரோட்டீன்ல அஞ்சுல நாலு பங்கு கேசின்தான், அது எவ்வளவு சூடு பண்ணாலும் ரொம்ப மாறாது. பீட்டா லாக்டோகுளோபுலின்ங்கிறது பால்ல இருக்க இன்னொரு புரோட்டீன், அது சூட்டுல உருமாறும். கேசின் கம்மியா உள்ள புள்ளைங்களுக்கு நல்லா வெந்த கேக், மஃபின்ல இருக்க பால் பின்னாடி ஒத்துக்க வாய்ப்பு அதிகம்னு பாக்குறாங்க. உறுதி கெடையாது, அதையும் ஆஸ்பத்திரில வச்சுதான் சோதிப்பாங்க.

அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போறப்ப பட்டினி போட வேணாம், பாப்பா வழக்கம் போல குடிச்சிட்டே வரலாம். அரிப்பு சிரப் குடுத்துக்கிட்டு இருந்தாலும் ரத்த டெஸ்ட் மாறாது. தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட்டா இருந்தாதான் சிரப்ப முன்கூட்டியே நிறுத்தச் சொல்லுவாங்க. நிறுத்துற தேதிய அவங்களே குடுப்பாங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

சுங்கை_சிப்புட்_செல்வி:

நூறு சாப்பாட்டு டெஸ்ட்டுன்னு ஒன்னு சொன்னீங்களே, அத படிச்சதும் மனசு தாங்காம எழுதுறேன். நான் பண்ணி ஏமாந்தவ. ரெண்டு வருஷத்துக்கு முன்ன மூத்தவனுக்கு அடிக்கடி வயித்துவலி, ஒரு எடத்துல (பேரு வேணாம்) 600 வெள்ளி (ரிங்கிட்) கட்டி எடுத்தேன். கலர் கலரா ரிப்போர்ட், செவப்புல பாலு, முட்டை, கோதுமை, பருப்பு, அரிசி கூட. அரிசிம்மா! அவன் பொறந்ததுலேந்து சாப்புடுற சோறு. நான் நம்பி எல்லாத்தையும் நிறுத்துனேன். ரெண்டு மாசத்துல ஒன்னரை கிலோ எறங்கிட்டான், ஸ்கூல் சட்டை தோள்ல தொங்குச்சு, கழுத்து எலும்பு தெரிஞ்சுச்சு. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ரிப்போர்ட்ட பாத்துட்டு, அக்கா இது ஐஜிஜி, ஐஜிஇ இல்லன்னு ஒரே ஒரு எழுத்த விரல் வச்சு காட்டுனாங்க.

ஐஜிஜிங்கிறது நாம அடிக்கடி சாப்புடுற சாப்பாட்ட ஒடம்பு பாத்து பழகியிருக்குங்கிறதுக்கு அடையாளமாம், அதனாலதான் தெனம் சாப்புடுற அரிசி, முட்டை எல்லாம் செவப்புல வருது. 2008லயே ஐரோப்பா அலர்ஜி டாக்டருங்க அமைப்பு, சாப்பாட்டு அலர்ஜிய கண்டுபிடிக்க இத எடுக்க வேணாம்னு எழுதி வச்சிருச்சாம். அது யாருக்குத் தெரியும், எங்களுக்கு தெரியாது. தயவு செஞ்சு போவாதீங்க. அந்த காச பாப்பா பாலுக்கு வைங்க.

தம்பி_ஜெம்போல்:

எனக்கு ஒரு டவுட்டு. எங்க அக்கா பையனுக்கு 6 வயசு, மைலோ குடிச்சா வயிறு உப்பி கடமுடான்னு வயித்தால போவும், வேற ஒன்னும் இல்ல. அவனுக்கு பால் ஐஜிஇ நெகட்டிவ், ஆனா டோட்டல் ஐஜிஇ 900ன்னு வந்துருக்கு, வீட்டுல எல்லாரும் பயந்து போயிருக்காங்க. அப்புறம் அந்த பாப்பாவுக்கு லாக்டோஸ் ஃப்ரீ பால் குடுத்தா சரியாயிடாதா?

பழைய_டிரசர்:

தம்பி, கடைசி கேள்விக்கு மொதல்ல பதில். லாக்டோஸ்ங்கிறது பால்ல இருக்க சக்கரை. பாப்பாவுக்கு ஒத்துக்காதது புரோட்டீன். சக்கரைய எடுத்த பால்ல புரோட்டீன் அப்படியே இருக்கும். அத பாப்பாவுக்கு குடுத்தா அந்த ஞாயித்துக்கெழமை மறுபடி வரும். ஒங்க அக்கா பையனுக்குதான் அந்த சக்கரை செரிக்காம இருக்கலாம், வயிறு உப்பி வயித்தால போறது அந்த மாதிரிதான் தெரியுது, நம்ம ஆளுங்களுக்கு வயசு ஏற ஏற அது சகஜம். ஆனா சக்கரை செரிக்காததுக்கும் அலர்ஜிக்கும் சம்பந்தம் இல்ல, அதுக்கு ஐஜிஇ பாக்கவே வேணாம்.

டோட்டல் ஐஜிஇக்கு வர்றேன், அது பாலுக்குன்னு மட்டும் இல்ல, ரத்தத்துல இருக்க மொத்த ஐஜிஇயும். நான் தோட்டத்து ஆஸ்பத்திரிலயும் கிளினிக்லயுமா 31 வருஷம் டிரசர் வேலை, அதாவது டாக்டருக்கு ஒதவியா மருந்து கட்டு எல்லாம் பாக்குற வேலை பாத்தவன். என் காலத்துல இந்த டெஸ்ட் எல்லாம் எங்க கைக்கு எட்டாது, 1966, 67லதான் ஐஜிஇன்னு ஒன்னு இருக்கறதயே ஜப்பான்கார ஜோடி ஒன்னும் சுவீடன்காரங்களும் கண்டுபிடிச்சாங்க. எங்களுக்குத் தெரிஞ்சது வயித்துப் பூச்சிதான். லயத்துல செருப்பு போடாம ஓடுற புள்ளைங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா வரிசையா நிக்க வச்சு பூச்சி மருந்து குடுப்போம். வயித்துல பூச்சி இருந்தா டோட்டல் ஐஜிஇ எகிறும், 900 என்ன அதுக்கு மேலயும் போகும். தோல் அரிப்பு நோய் இருந்தாலும், தலகாணி தூசில இருக்க பூச்சிக்கு அலர்ஜி இருந்தாலும் ஏறும். டோட்டல் நம்பர வச்சு பால் அலர்ஜின்னு யாரும் சொல்ல முடியாது. கடைசியா எப்ப பூச்சி மருந்து குடுத்தாங்கன்னு அக்காவ கேளு, கிளினிக்ல காட்டச் சொல்லு.

பகாவ் அம்மா, ஒங்க மாமியார்கிட்ட நான் பேசுற மாதிரி இத படிச்சு காட்டும்மா. அம்மா, நீங்க ஆட்டுப்பால் குடுத்து வளத்தீங்க, மகன் நல்லா வளந்தாரு, ஏன்னா மகனுக்கு இந்த அலர்ஜி இல்ல. எங்க அம்மா காலத்துல டின் பால், அந்த கெட்டியா இனிப்பா இருக்குமே அத தண்ணில கரைச்சு கைக்குழந்தைக்கு குடுத்தாங்க, 1939ல சிங்கப்பூர்ல சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு டாக்டரம்மா இது கொலைக்கு சமம்னு மேடையேறி பேசுனாங்க. பொழச்ச புள்ளைங்க பேரு மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கும்மா. ஆட்டுப்பால்ல ரத்தம் ஊற வேண்டிய ஃபோலேட் சத்தும் ரொம்ப கம்மி, அலர்ஜி இல்லாத கொழந்தைக்கே ஒரு வயசுக்கு முன்ன அத முழுப் பாலா குடுக்க வேணாம்னுதான் சொல்லுவோம்.

இன்னொன்னு, இது அவசரம். அடுத்த தடவை தெரியாம பால் பட்டு, இருமல் விடாம வந்தா, கொரல் கட்டுனா, மூச்சு விசில் அடிச்சா, கொழந்தை வெளுத்து துவண்டு போனா, அரிப்பு சிரப் குடுத்துட்டு ஒக்காந்து பாக்காதீங்க. சிரப் தடிப்புக்குத்தான், மூச்சுக்கு இல்ல. 999 அடிங்க. மூச்சுத் திணறல் இல்லாம துவண்டு கெடந்தா படுக்க வச்சே இருங்க, தூக்கி நிமுத்தி தோள்ல போடாதீங்க. தோட்டத்துக்குள்ள எந்த பிளாக், எந்த கேட்டுன்னு சொல்ல ஒரு ஆள ரோட்டுல நிக்க வைங்க, தோட்டத்துக்குள்ள ஆம்புலன்ஸ் வழி தெரியாம சுத்துனத நான் நெறைய பாத்துருக்கேன்.

பகாவ்_பாப்பா_அம்மா:

ஐயா, அண்ணே, அக்காங்க எல்லாருக்கும் கை எடுத்து கும்புடுறேன். அழுதுகிட்டேதான் படிச்சேன். மாமியார்கிட்ட ஐயா எழுதுனத சத்தமா படிச்சு காட்டுனேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் எழுந்து போயி ஆட்டுக்காரருக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டாங்க. 555 வாங்கியாச்சு. எழுத ஒக்காந்தா வீட்டுக்காரர் ஒன்னு சொல்றாரு நான் ஒன்னு சொல்றேன், அவரு காடில போறப்ப ரெண்டு தடவை இருமுனான்னாரு, நான் அத கவனிக்கவே இல்ல, அதையும் எழுதிட்டேன். அக்கா, நான் டீ குடிக்கிறத நிறுத்தணுமா? தாய்ப்பால் இன்னும் குடுக்குறேன்.

ரெண்டு_பசங்க_அம்மா (சிரம்பான்):

அவரு சொன்ன இருமல் ரொம்ப முக்கியம் தங்கச்சி, அத டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க. டீ விஷயம், நீங்க இத்தன மாசம் பால் சேத்த டீ குடிச்சும் பாப்பாவுக்கு தாய்ப்பால்ல அந்த மாதிரி தடிப்பு வரலதானே, அப்படின்னா பல பேருக்கு நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. ஆனா தோல் சொரசொரப்பு இருக்கறதால டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கச் சொல்லலாம், அத அவங்க முடிவுக்கு விட்ருங்க. நிறுத்தச் சொன்னா சுண்ணாம்பு சத்துக்கு நான் சாப்புட்டது நெத்திலி கருவாடு, முருங்கக்கீரை, கேவுரு கூழு, தவுஃபு, அதோட அவங்க குடுத்த கால்சியம் மாத்திரை. தாய்ப்பால நிறுத்திறாதீங்க, அதுதான் இப்ப பாப்பாவுக்கு சேஃப்பான சாப்பாடு.

பகாவ்_பாப்பா_அம்மா:

நாலு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லாம இருந்தா தப்பு.

ஸ்பெஷலிஸ்ட்ட பாத்தோம். காலைல அஞ்சு மணிக்கு கெளம்பி கோலப்பிலா வழியா சிரம்பான், பாப்பா வழியெல்லாம் தூக்கம். டாக்டர் பேப்பர மேசையில கவுத்து வச்சிட்டு, மொதல்ல நடந்தத சொல்லுங்கன்னாங்க. நான் 555அ நீட்டுனேன். அவங்க ஒவ்வொரு வரியா விரல் வச்சு படிச்சாங்க, இருமல் கிட்ட வந்ததும் நிறுத்தி வீட்டுக்காரர அஞ்சாறு கேள்வி கேட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் பேப்பர திருப்புனாங்க. ஐஜிஇ வகை பால் அலர்ஜிதான், இவ்வளவு தெளிவா நடந்திருக்கறதால இப்ப திரும்ப குடுத்துப் பாக்க வேணாம், ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்து நம்பர் எறங்குதான்னு பாப்போம்னாங்க. எறங்குனா ஆஸ்பத்திரில ஒரு பகல் ஒக்கார வச்சு சொட்டு சொட்டா குடுத்துப் பாப்பாங்களாம். பெரும்பாலான கொழந்தைங்க ஸ்கூல் போறதுக்குள்ள சரியாயிடுவாங்கன்னும் சொன்னாங்க, அந்த வார்த்தைய காடில திரும்பி வர்றப்ப நான் எத்தனை தடவை சொல்லிக்கிட்டேன்னு தெரியல.

புரோட்டீன பொடிப்பொடியா வெட்டுன பால் மாவு எழுதிக் குடுத்தாங்க. எச்ஏன்னு டப்பால போட்டுருக்குமே அது பத்தாதாம், அதுல பாதிதான் வெட்டியிருக்குமாம். வாசனையும் கசப்பும் தாங்கல, மொத ரெண்டு நாள் துப்பிட்டா, அப்புறம் தாய்ப்பால்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்குனேன், இப்ப நாலு அவுன்ஸ் குடிக்கிறா. வெலைதான் கைய கடிக்குது, சாதாரண மாவு மாதிரி பல மடங்கு, வீட்டுக்காரர் ஓவர்டைம் கேட்டுருக்காரு.

சாமான் கடையில ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி சூசூன்னு (மலாய்ல பால்) எழுதியிருக்கான்னு பாக்குறேன். மேரி பிஸ்கட்ல இருக்கு, சில ரொட்டில இருக்கு, சூப்பு கட்டில கூட இருந்துச்சு. கேசின், வேய்னு போட்டாலும் பாலுதான்னு டயட்டீஷியன் எழுதிக் குடுத்துருக்காங்க. கோயில்ல போன வெள்ளிக்கெழம சக்கரப் பொங்கல் குடுத்தாங்க, நெய் மணக்குது, ஒரு பாட்டி ஆசையா பாப்பா வாயில வைக்க வந்தாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மாமியார் குறுக்க கையை நீட்டி தட்டுல வாங்கிக்கிட்டாங்க, எம் பேத்திக்கு பால் ஆவாதும்மா, நெய்யும் ஆவாதுன்னாங்க. மறுநாள் வீட்டுல தேங்காப்பால்லயே பொங்கல் வச்சு அவங்களே ஊட்டி விட்டாங்க.

அடுத்த வாரம் பாப்பாவ டவுன்ல தஸ்காவுல (கொழந்தைங்கள பாத்துக்கிற எடம்) விடணும். அங்க டீச்சர் மலாய்க்காரங்க, நல்லவங்கதான், எழுதிக் குடுங்கன்னாங்க. எனக்கு மலாய் பேச வரும், எழுத கொஞ்சம் தயக்கம். யாராவது எழுதிக் குடுப்பீங்களா?

தம்பி_ஜெம்போல்:

அக்கா இத அப்படியே எழுதிக்குங்க. அனாக் சாயா அடா அலாஹான் புரோட்டீன் சூசூ லெம்பு. தோலோங் ஜங்ஙான் பெரி சூசூ, பிஸ்குட், ரோத்தி, கேஜு, மெந்தேகா அத்தாவ் சூசூ கம்பிங். அதாவது என் புள்ளைக்கு பசும்பால் புரோட்டீன் அலர்ஜி, பால், பிஸ்கட், ரொட்டி, சீஸ், வெண்ணெய், ஆட்டுப்பால் எதுவும் குடுக்காதீங்கன்னு அர்த்தம். பால் மாவும் சாப்பாடும் நாங்களே குடுத்து அனுப்புவோம்னு சேக்கணும்னா, சூசூ டான் மக்கானான் காமி பாவா செண்டிரி. கீழ ஒங்க நம்பர், வீட்டுக்காரர் நம்பர், ரெண்டும் பெருசா எழுதுங்க. 999ம் எழுதுங்க. ஐயா சொன்ன அந்த நாலு அறிகுறியையும் நான் மலாய்ல எழுதி ராத்திரி போடுறேன், வேலை முடிஞ்சு.

எங்க அக்கா பையன் விஷயமும் சொல்லிடறேன் ஐயா, பூச்சிதான். மருந்து குடுத்தாச்சு.